தண்ணீர் வைத்த கைகள்

காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது, விரல்களை வெந்நீரில் கழுவித் துடைத்துச் சூடாக்கிக்கொள்வதுதான். குளிர்ந்த விரலால் தொட்டால் நோயாளிக்கு உடம்பு கூசும். அதோடு, குளிர்ந்த விரலுக்குச் சரியாகக் காதும் கேட்காது. விரலுக்கு ஏது காது என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் டயாலிசிஸ் பிரிவில் பதினான்கு நாற்காலிகள். இருபத்தாறு வருடமாக அந்த நாற்காலிகளுக்கு நடுவில் டெக்னீஷியனாக நடந்துகொண்டிருப்பவன் சொல்கிறேன், விரலுக்குக் காது உண்டு.

சென்ற வியாழக்கிழமை உங்கள் விசாரணைக் குழுவின் முன் நான் வந்து உட்கார்ந்தபோது நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், ஐயா. முதல் கட்டத்தில் அவ்வளவு நல்ல பலன் கொடுத்த சிகிச்சை இரண்டாம் கட்டத்தில் ஏன் இப்படிப் படுத்துவிட்டது, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா என்றீர்கள். தெரியவில்லை என்றேன். நீங்களும் தலையசைத்து, எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். என் வீட்டில் நடந்தது தெரியும் என்பதால் மேற்கொண்டு துருவவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பதில் தவறு. சரியான பதிலை இந்தக் கடிதத்தில் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இரண்டு பேர் இருப்பதால் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுநீரகம் நின்றுபோனவருக்கு வாரம் மூன்று முறை ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திருப்பி அனுப்ப வேண்டும். சாதாரண ரத்தக்குழாயில் அந்த வேகத்துக்கு ரத்தம் வராது. அதனால் கையில் ஆழத்தில் ஓடும் குழாய் ஒன்றையும் மேலாக ஓடும் குழாய் ஒன்றையும் அறுவை செய்து இணைத்துவிடுகிறார்கள். வாய்க்காலில் ஆற்றைத் திருப்பிவிட்ட மாதிரி மேல்குழாய் பருத்துப் புடைத்துவிடும். விரலை வைத்தால் விர்ரென்று அதிரும். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். எங்கள் பிரிவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கை என்போம். கை எப்படி இருக்கிறது என்று ஒருவரைக் கேட்டால் அதைத்தான் கேட்கிறோம். அந்த அதிர்வைப் பாட்டு என்போம்.

இந்தக் கைக்கு ஒரு கெட்ட குணம். இணைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழாயின் உள்சுவர் தடித்துக்கொண்டே வரும். வழி குறுகும். பாட்டு முனகலாகும், முனகல் முட்டலாகும், பிறகு ஒரு நாள் கை சும்மா கிடக்கும். முனகும்போதே கண்டுபிடித்துவிட்டால் உள்ளே பலூன் விட்டு விரித்துக் காப்பாற்றலாம். அடைந்துபோன பிறகு பெரும்பாலும் காப்பாற்ற முடியாது, வேறு இடம் தேட வேண்டும். ஒரு மனித உடம்பில் அப்படிப்பட்ட இடம் நாலு, மிஞ்சினால் ஐந்து.

எங்கள் அறுவை மருத்துவர், டாக்டரம்மா என்றே எல்லாரும் சொல்வோம், அந்தக் குறுகலைத் தடுக்கத்தான் ஆய்வைத் தொடங்கினார். நோயாளியின் வயிற்றிலிருந்து ஒரு கரண்டி கொழுப்பை எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்து, கையை இணைக்கும்போது குழாயைச் சுற்றிப் பூசிவிடுவது. பூசினால் உள்சுவர் தடிக்காது என்பது நம்பிக்கை. ஒப்புதல் படிவத்தில் குருத்தணு என்று அச்சடித்திருந்தது. ஒரு வாரத்தில் அது குருத்து ஆகிவிட்டது. முதல் கட்டத்தில் நாற்பது பேர். எல்லாரிடமும் கொழுப்பு எடுத்தார்கள். இருபது பேருக்குக் குருத்து வைத்தார்கள், இருபது பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் வைத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியக் கூடாது.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஒன்பதாம் நாற்காலிக்காரர். அறுவை முடிந்து வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"விரலாரே, எனக்கு வெச்சது குருத்தா தண்ணியா? தண்ணின்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல தண்ணி ஆகாது. கையில வெச்சதையும் கணக்குல கழிச்சுடுவா எங்க வீட்டம்மா."

பிரிவே சிரித்தது. விரலார் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். மற்றவர்கள் விரலண்ணன் என்பார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது. ஆய்வுக்கு முன் டாக்டரம்மா என் விரலைச் சோதித்தார். மருத்துவமனை முழுவதற்கும் ஸ்கேன் கருவி ஒன்றுதான். மாதா மாதம் நாற்பது கைகளை அதில் பார்க்க நேரம் கிடைக்காது. அதனால் இரண்டு மாதம், அறுபது கைகளை முதலில் என் விரலும் பிறகு ஸ்கேனும் பார்த்தன. இரண்டே இரண்டு இடத்தில்தான் முடிவு வேறுபட்டது. அதில் ஒன்றில் ஸ்கேன்தான் தவறு என்று பிறகு தெரிந்தது. டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களை வெச்சே பண்ணிடலாம் போலிருக்கே" என்றார். அப்படித்தான் மாதச் சோதனை என் விரலுக்கு வந்தது. முழங்கை தாண்டியும் பாடினால் மூன்று. முனகினால் இரண்டு. முட்டினால் ஒன்று. சும்மா கிடந்தால் பூஜ்யம். இரண்டோ அதற்குக் கீழோ போட்டால் அன்றைக்கே ஸ்கேன், தேவைப்பட்டால் பலூன். குருத்தோ தண்ணீரோ, எல்லாருக்கும் அந்த உரிமை உண்டு. ஒரு வருடத்துக்குள் எந்தப் பக்கத்தில் எத்தனை கை அடைந்தது என்பதுதான் ஆய்வின் கேள்வி.

யாருக்கு எது என்று எனக்குத் தெரிந்தது தற்செயல்தான். ஆய்வகத்திலிருந்து வரும் ஊசிக்குழலில் வெள்ளித்தாள் சுற்றியிருக்கும். அறுவை முடிந்ததும் தட்டை ஒழிப்பது என் வேலை. தாளைக் கிழித்துக் குழலைத் தனியே போட வேண்டும், அது விதி. குருத்து இருந்த குழலின் அடியில் பால் கழுவிய மாதிரி ஒரு மங்கல் ஒட்டியிருக்கும். தண்ணீர்க் குழல் பளிச்சென்று இருக்கும். நான் எங்கும் குறித்துவைக்கவில்லை. எனக்கு ஷிப்டு, நாற்காலி எண்ணோடு நினைவிருந்தது, அவ்வளவுதான். கண்டக்டருக்கு வைத்தது தண்ணீர்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவளை எண்ணாக மட்டுமே அறிவீர்கள்.

அவளுக்குப் பதினேழு வயதில் இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயின. என் மனைவி ஒன்றைக் கொடுத்தாள். எனக்கு ரத்த வகையே பொருந்தவில்லை. அம்மா கொடுத்தது ஏழு வருடம் ஓடியது. பிறகு அதுவும் நின்றது. இடது மணிக்கட்டு, இடது முழங்கை, வலது மணிக்கட்டு என்று மூன்று இடம் ஒன்றன்பின் ஒன்றாக அடைந்தன. நாலாவதாக வலது மேற்கையில் ஒரே ஒரு இடம் மிச்சம். அதைத் தொடாமல், மார்பில் ஒரு ட்யூப் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ட்யூப் என்பது உடம்புக்கு ஒரு திறந்த கதவு. கிருமி எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அவள் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். ட்யூப் தெரியாமல் கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டைதான் போடுவாள். "ஆபீஸ்ல என்னை ரொம்ப அடக்கமான பொண்ணுன்னு நினைச்சுட்டிருக்காங்கப்பா" என்பாள்.

முதல் கட்டத்தில் புதிய கைகளை மட்டும்தான் சேர்த்தார்கள். ஏற்கனவே கை அடைந்தவர்களுக்கு இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் பலன் தெரிந்தால்தான் இரண்டாம் கட்டம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள். "அந்தக் குருத்து நம்ம பாப்பாவுக்கு எப்பதான் வரும்?"

"ஆறாம் மாசம் பாதிக் கணக்குப் பாப்பாங்க. நல்லா வந்தா தொடர்ந்து நடக்கும்."

"நல்லா வரலைன்னா?"

"நிறுத்திடுவாங்க."

அவள் கடைசித் துணியை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "எங்கிட்ட ரெண்டு இருந்தது, ஒண்ணை எடுத்துக் குடுத்துட்டேன். இனி உங்க பங்குதாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதற்கு மாலையில் வருத்தமும் பட்டாள். நான்தான் அதை நினைவில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. நாலாம் மாதச் சோதனை முடிந்திருந்தது. குருத்து வைத்த கைகளில் நாலு முனக ஆரம்பித்திருந்தன. தண்ணீர் வைத்த கைகளிலும் நாலு. என் விரலுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்தாம் மாதச் சோதனையில் முதலாவதாக வந்தவர் ஒரு தையல்காரம்மா. தண்ணீர் வைத்த கை. விரலை வைத்தேன். முனகியது. நான் மூன்று என்று எழுதினேன்.

அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஒரு எண்ணைப் பெரிதாக எழுதியதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. அவரைத் தள்ளவில்லை, குத்தவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எத்தனையோ கைகள் முனகிவிட்டுத் தாமாகவே தேறியதை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் இரண்டு கைகளைத்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

குருத்து வைத்த கைகளிடம் நான் மிகவும் கவனமாக இருந்தேன். லேசாகச் சுருதி குறைந்தாலே இரண்டு போட்டு ஸ்கேனுக்கு அனுப்பினேன். பலூன் விட்டு விரித்து, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு நான் செய்தது என் கடமைதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் வைத்தவர்களுக்கு மட்டும் கடமையைச் சற்றுத் தாமதமாகச் செய்தேன்.

எண் மட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்தது. வழி குறுகினால் டயாலிசிஸ் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். ரத்தம் திரும்பிப் போகும்போது அழுத்தம் ஏறும், அலாரம் அடிக்கும். பம்ப் வேகத்தைக் குறைத்தால் அழுத்தம் இறங்கும், அலாரம் அடிக்காது. முந்நூறில் ஓட வேண்டியதை இருநூற்று அறுபதில் ஓட்டினேன், பிறகு இருநூற்று இருபதில். அப்படி ஓட்டினால் நாலு மணி நேரத்தில் சுத்தமாக வேண்டிய ரத்தம் முழுதாகச் சுத்தமாகாது. அசதி வரும், அரிப்பு வரும், வாய் கசக்கும்.

மூத்த சிஸ்டர் ஒரு நாள் ஒன்பதாம் நாற்காலி அருகே நின்றுவிட்டார். "ஏண்ணே, கண்டக்டருக்கு எதுக்கு இருநூத்து இருபதுல ஓடுது?"

"பிபி இறங்குது சிஸ்டர். வேகம் தாங்கமாட்டேங்கிறார்."

"நேத்து குத்துக்கல்லு மாதிரி உக்காந்து அரட்டை அடிச்சுட்டிருந்தாரே" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று நகர்ந்துவிட்டார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. விசாரணையில் அவரை அலைக்கழிக்க வேண்டாம்.

கண்டக்டரும் கேட்டார், அவர் பாணியில். "வண்டி ஏத்தத்துல ஏறமாட்டேங்குதே விரலாரே. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. கியர் மாத்த வேண்டியதுதானே?"

"பழைய வண்டி இல்லையா கண்டக்டரே, மெதுவாத்தான் ஏறும்."

"அதுவும் சரிதான்" என்று கையை நீட்டினார். "பாடுதா?"

விரலை வைத்தேன். கை முட்டிக்கொண்டிருந்தது. மூடிய கதவை உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல இருக்கும் அது. அன்றைக்கே பலூன் விட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருக்கும்.

"பாடுது" என்றேன்.

"அப்ப சரி. டிரைவர் சொன்னப்புறம் கண்டக்டர் பேசக் கூடாது."

மூன்று என்று எழுதினேன். ஐந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கை அடைந்தது. கழுத்தில் ட்யூப் வைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் ட்யூப் வழியாகக் கிருமி ஏறியது. அதற்கடுத்த மூன்றாம் நாள் அவர் இறந்தார். ஒரு வாரம் கழித்து அவர் மனைவி பிரிவுக்கு வந்து எல்லாருக்கும் நன்றி சொன்னார். என்னிடம் வந்தபோது, "கடைசி வரைக்கும் உங்க விரலைப் பத்தித்தாங்க பேசிட்டிருந்தார். அது பொய் சொல்லாதும்பார்" என்றார். நான் கை கூப்பினேன். வேறென்ன செய்ய முடியும்.

ஆறாம் மாதப் பாதிக் கணக்கில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. வருட முடிவில் முழுதாகத் தெரிந்தது. குருத்து வைத்த இருபதில் அடைந்தவை இரண்டு. தண்ணீர் வைத்த இருபதில் ஒன்பது. அந்த ஒன்பதில் என் கணக்குப்படி ஏழைக் காப்பாற்றியிருக்கலாம். ஆறு பேருக்கு வேறு இடத்தில் கை வைத்துவிட்டார்கள். தையல்காரம்மாவுக்கு வலது கையில் வைத்தார்கள். கத்தரி பிடித்தால் அந்தக் கை மரத்துப்போகிறது என்று இப்போது பொத்தான் மட்டும் தைக்கிறார். மூன்று பேர் ட்யூபுக்குப் போனார்கள். அவர்களில் இறந்தவர் கண்டக்டர் ஒருவர்தான். நான் யாரையும் கைவிட்டதாக நினைக்கவில்லை, ஏழு கைகளை மட்டும்தான் விட்டேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

ஐயா, நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது இனிமேல் வருவதைத்தான். குற்றம் என்று பார்த்தால் மேலே எழுதியதே போதும். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

முடிவுகளைக் கூட்ட அரங்கில் திரையில் காட்டினார்கள். இரண்டு கோடுகள். ஒன்று குருத்து, ஒன்று தண்ணீர். ஐந்தாம் மாதம் வரை இரண்டும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தன. பிறகு பிரிந்தன. போகப் போக இடைவெளி அகன்றது. டாக்டரம்மா எல்லாருக்கும் நன்றி சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து தட்டினேன். எனக்குக் கண் கலங்கியது. அந்த இடைவெளி நான் போட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவ்வளவு பெரிய திரையில், அவ்வளவு படித்தவர்கள் நடுவில் அதைப் பார்த்தபோது, இவ்வளவையும் நான் ஒருவனே செய்திருக்க முடியாது என்று தோன்றியது. கொஞ்சமாவது குருத்தின் வேலையும் அதில் இருக்க வேண்டும். நான் பாதிதான் தள்ளியிருப்பேன், மீதித் தூரம் அதுவே நடந்திருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் பாதி என்பது கால் ஆனது. வீட்டுக் கதவைத் தட்டும்போது எனக்கு அந்த முடிவில் சந்தேகமே இல்லை.

இரண்டாம் கட்டம் திறந்தது. மூன்று மருத்துவமனைகளில் முப்பது பேர். இந்த முறை எல்லாருக்குமே குருத்து. சோதனைக்கு வெளியிலிருந்து ஸ்கேன்காரர் வந்தார். என் விரல் தேவைப்படவில்லை.

டாக்டரம்மா என் மகளிடம் மிகவும் நேர்மையாகப் பேசினார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ட்யூபோடு இருந்து கடைசி இடத்தை மிச்சம் வைக்கலாம். மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் அவள் பெயர் ஆறாவதாக இருந்தது. அல்லது குருத்தோடு அந்த இடத்தை இப்போதே எடுக்கலாம். முதல் கட்டத்தின் முடிவை வைத்துப் பார்த்தால் நீ என் தங்கையாக இருந்தால் எடுக்கச் சொல்வேன் என்றார்.

அன்று மாலை மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வரைபடத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"நீ சொல்லுப்பா. எது?"

"நான் என்னத்தச் சொல்றது. அதான் முடிவு வந்திருக்கில்ல, இருபதுக்கு ரெண்டுன்னு."

"முடிவைக் கேக்கல. அது யாருக்கு வேணா சொல்வாங்க. உன் விரலைக் கேக்கறேன். நாப்பது கையிலயும் அது இருந்திருக்கு. ட்யூப் எனக்குப் பழகிடுச்சுப்பா, இன்னும் ஒரு வருஷம்கூடத் தாங்குவேன். நீ வேணாம்னா வேணாம்."

என் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். மறைக்க வேண்டும் என்று நான் மறைக்கவில்லை, ஐயா. சொல்ல வேண்டிய உண்மை எதுவும் அப்போது என்னிடம் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

"பண்ணிக்கோ பாப்பா" என்றேன்.

"அவ்ளோதான். இதைச் சொல்ல இவ்ளோ நேரமா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

அறுவை நன்றாக நடந்தது. நாலாம் வார ஸ்கேன் சரியாக இருந்தது. எட்டாம் வாரமும் சரி. மார்பு ட்யூபை எடுத்துவிட்டார்கள். அன்று கழுத்துத் திறந்த சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனாள். திரும்பி வந்து, "அடக்கமான பொண்ணு கெட்டுப்போயிட்டான்னு பேசிக்கறாங்க" என்றாள். என் மனைவி அன்று சிரித்த மாதிரி நான் பல வருடமாகப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் வாரம் அவளுக்கு அலுவலகத்தில் வேலை நெருக்கடி. "ஸ்கேனுக்குப் போனா அரைநாள் போயிடும்பா. போயே ஆகணுமா? நீயே பாரேன், அந்த மெஷினுக்குக் கத்துக்குடுத்ததே நீதானே." நான் வெந்நீரில் விரலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வைத்தேன். பாடியது. முழங்கையிலிருந்து தோள் வரை பாடியது. ஸ்கேன் அறைக்குப் போன் செய்து, இந்த வாரம் அவள் வரமாட்டாள் என்று சொன்னவன் நான்தான்.

பதினைந்தாம் வாரம் ஒரு காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். "அப்பா, கை சும்மா இருக்கு." அவள் சத்தம்கூடப் போடவில்லை.

மார்பில் பழைய இடத்தில் மறுபடி ட்யூப் ஏறவில்லை. உள்ளே தழும்பாகி இருந்தது. தொடையில் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் காலையில் அவள் இறந்தாள். அம்மா தலைமாட்டில் இருந்தாள். நான் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஆய்வகத்தில் செல்கள் கெட்டுப்போனதாகச் சந்தேகப்பட்டு அங்கே வேலை செய்பவரை நீங்கள் விடுப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். செல்கள் கெடவில்லை. இரண்டு கட்டத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தன. முதல் கட்டத்தில் பலன் கொடுத்தது அவை அல்ல. தண்ணீர் வைத்தவர்களை நான் அடையவிட்டேன், குருத்து வைத்தவர்களைக் காப்பாற்றினேன். ஏழு பேரின் கை போனதற்கும் கண்டக்டர் இறந்ததற்கும் நானே பொறுப்பு. சோதனைத் தாள்களையும் கருவியின் பம்ப் வேகப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தேதியோடு பொருந்தும். டாக்டரம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. எந்தத் தண்டனைக்கும் நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். உண்மையில் அதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். உங்கள் அறிக்கையின் இணைப்பில், இரண்டாம் கட்டத்தில் குறுகி அடைந்த கைகள் என்று பதினோரு எண்கள் இருக்கின்றன. கடைசி எண் என் மகளுடையது. பன்னிரண்டாம் வாரத்துக்கு எதிரே சோதனை இல்லை என்று ஒரு கோடு இழுத்திருக்கிறீர்கள். டாக்டரம்மாவும் அந்தக் குறுகல் வந்து ஐந்தாறு வாரமாவது ஆகியிருக்கும் என்று எழுதியிருக்கிறார். இது சரியல்ல. சோதனை நடந்தது. என் விரல் வைத்துப் பார்த்தது. என் வாய் பொய் சொல்லியிருக்கிறது, பேனா சொல்லியிருக்கிறது, விரல் ஒரு நாளும் சொன்னதில்லை. அறுபது கைகளில் சோதித்த விரல் அது. அவள் இறந்த காலையில்கூட, சிஸ்டர் என் கையை விலக்கும் வரை, நான் அதில் விரலை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் பாடிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணைத் தயவுசெய்து பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், ஐயா. குருத்து வேலை செய்த கை அது ஒன்றுதான்.